தொட்டுக்கொள்ள வைத்த கிண்ணம்

மார்ச் 4

அக்கா,

தொட்டுக்கொள்ள வைத்த கிண்ணத்தை சூப் என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வரிக்குத் தள்ளினால் வழக்கம்போல நாலு சிரிப்பைத் தூவி மூடி மறைத்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

நீ என் போனை எடுத்து ஒரு மாதமாகப் போகிறது. நேரில் வரலாமென்றால், கதவைத் திறந்து மூஞ்சியைப் பார்த்துவிட்டு மறுபடி சாத்துகிற ஆள் நீ. அதனால் தபால்தலை வாங்கினேன். கவுன்டரில் இருந்தவர், "சேகரிக்கிறீங்களா சார்?" என்றார். "இல்லங்க, எங்க அக்காவுக்கு" என்றேன். "ஓ, கோவமா இருக்காங்களா" என்றார். என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

விஷயத்துக்கு வருகிறேன். 'ஏப்பக்காரன்' என்ற பெயரில் வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதுவதைப் பற்றி சொந்தக்காரர்களிடம், "தின்னுட்டு அதுக்குச் சம்பளமும் வாங்குறான்" என்று விளக்கம் கொடுப்பாயே, அந்த வேலையில்தான் சறுக்கினேன். இந்த ஊரின் சந்துபொந்துகளில் இருக்கும் ஆசிய உணவுக்கடை ஒன்றையும் நான் விட்டுவைத்ததில்லை. பஸ் டெப்போவுக்குப் பின்னால் வியட்நாம் கடை, சாவி செய்கிறவர் மாடியில் கொரியக் கோழிக்கடை, உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிற ஸ்டூல் போட்ட டம்ப்ளிங் கடை. எல்லா இடத்துக்கும் ஆள் தெரியாமலிருக்கத் தொப்பி போட்டுக்கொண்டுதான் போவேன். தொப்பி இல்லாமல் போனாலும் யாருக்கும் என்னைத் தெரியாது என்பது வேறு விஷயம்.

போன மாதம் ரயில் பாலத்துக்குக் கீழே, வாசலில் நீலத் துணி தொங்கும் ஜப்பானிய நூடுல்ஸ் கடைக்குப் போனேன். ஒரு தட்டில் ஆறிப்போன தடித்த நூடுல்ஸ். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக, கெட்டியாக, சூடாக ஒன்று. கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே, பாதிவரை குடித்தேன். நூடுல்ஸை வெறுமனே மென்றேன். வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'இங்கே கடலைக் காய்ச்சிக் கிண்ணத்தில் தருகிறார்கள். நூடுல்ஸ், மழையில் நனைந்த ஷூ லேஸ். என் அக்கா முதன்முதலில் சமையலறைக்குள் நுழைந்த நாளுக்குப் பிறகு இவ்வளவு உப்பை நான் ஒரே இடத்தில் சந்தித்ததில்லை. பாராட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: கை கழுவுவதற்காகக் கடைசியில் கெண்டியில் கொண்டுவந்த, வாசனை போட்ட இளஞ்சூட்டு நீர்.'

எங்கள் பத்திரிகை ஆசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ்ஸில் ஒருவர் தன் மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டியதைப் பின்சீட்டிலிருந்து நானே கேட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் கேட்டேன்.

நேற்று ஊரின் இன்னொரு கோடியில் வேறொரு கடை. அதே மாதிரி தட்டு, அதே மாதிரி கிண்ணம். நான் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் உறிஞ்சிவிட்டேன். அடுத்த மேஜையில் ஆபீஸ் பேட்ஜ் மாட்டிய ஒருவர் தன் அம்மாவிடம், "அம்மா, அது குடிக்கிறது இல்ல. நூடுல்ஸை அதுல தொட்டுச் சாப்பிடணும்" என்றார். அந்த அம்மாள், "தெரியாதாக்கும். இதை யாராவது குடிப்பாங்களாடா?" என்றாள். சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். நான் கிண்ணத்தை மூக்கருகே வைத்து மோந்து பார்க்கிறவன் மாதிரி நடித்தேன். அந்தக் கிண்ணமும் உப்புதான், ஆனால் முதல் கடை அளவுக்கு இல்லை என்று தோன்றியது. குற்றம் உறைத்துவிட்டால் நாக்குகூடக் கட்சி மாறிவிடும் போலிருக்கிறது.

உன் சமையலை இழுத்து எழுதிய அந்த வரிக்குத்தான் கோபம் என்று நினைக்கிறேன். மன்னித்துவிடு. "உங்க அக்கா கோவத்துக்கு ஒரு காரணம்தான் இருக்கும், ஆனா நீங்க யோசிச்சா பத்து கெடைக்கும்" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி.

உன்,
தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கடிதம் வந்தது. அந்த வரிக்காக நான் கோபப்படவில்லை. நான் முதன்முதலில் சமைத்ததைத் தட்டை வழித்துச் சாப்பிட்டு இன்னும் கேட்டவன் நீ.

குடித்தேன் குடித்தேன் என்று என்னிடம் எதற்குச் சொல்கிறாய்? கடைக்காரியிடம் சொன்னாயா? பத்திரிகையில் சொன்னாயா? பஸ்ஸில் அந்த ஆள் படித்துக்காட்டினார் என்கிறாயே, அவர் அந்தக் கடைக்கு இனி போவாரா?

பரிமாறின பெண் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லையா? நன்றாக யோசித்து எழுது.

அத்தானுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. போன் செய்யாதே. போனில் நீ பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், எனக்கு இப்போது சிரிக்க இஷ்டமில்லை.

அக்கா


மார்ச் 13

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் நேராக ஆசிரியரிடம் போனேன். பாதி தூரம் நேராக, மீதி தூரம் டீ குடித்துவிட்டு. விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் எங்க அக்காவுக்கும்."

"அக்கா வெளிய சொல்வாங்களா?"

"எங்கிட்டயே பேசுறதில்ல சார்."

"அப்ப விடுங்க. சாப்பாட்டைப் பத்தி எழுதுறவன் எனக்குச் சாப்பிடத் தெரியாதுன்னு எழுதினா, அப்புறம் அவன் எதுக்குய்யா?"

நியாயமாகத்தான் பட்டது. நீயே யோசி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கணக்கு வராது. தெரிந்த ஒரே வேலை வாயில் போட்டு மென்று கிண்டல் செய்வது. அதுவும் தெரியாது என்று ஆகிவிட்டால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மறுபடி அந்தக் கடைக்குப் போய் ஒழுங்காகத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, 'விமர்சனத்தைப் பெருந்தன்மையோடு ஏற்று, வெகுவாக முன்னேறியிருக்கிறார்கள்' என்று எழுதிவிடுகிறேன். கடைக்கும் கூட்டம் வரும், என் மானமும் கப்பலேறாது. எப்படி?

பரிமாறின பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏதோ சொல்ல வந்தாள் போலிருந்தது, சரியாக ஞாபகமில்லை. அதுசரி, பரிமாறினது பெண் என்று நான் எழுதவே இல்லையே. யாரோ ஊர்பேர் தெரியாத கடைக்காரிக்காக நீ இவ்வளவு வரிந்து கட்டிக்கொண்டு வருவது ஏன்? நான் என்ன, உன் வீட்டு அடுப்பையா குறை சொல்லிவிட்டேன்?

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

முன்னேறியிருக்கிறார்களா? முன்னேற வேண்டியது யார்?

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்ட தாள் காலடியில் கிடக்கிறது. இதையாவது அனுப்புகிறேனா பார்ப்போம்.

நான் இன்னும் கணக்கு எழுதுவதாக உங்களிடமெல்லாம் சொல்லிவந்த மரச்சாமான் கம்பெனியை மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அத்தானால் மாடிப்படி இறங்க முடியாது. என் வயதுக்கு வேறு எந்த ஆபீஸும் நாற்காலி போடவில்லை. நீலத் துணிக் கடை முதலாளியம்மா மட்டும்தான் வயதைக் கேட்கவில்லை. அரைகுறையாக நம் பாஷை பேசுவாள். "நிக்க முடியும்?" என்று கேட்டாள். முடியும் என்றேன். அன்றிலிருந்து அவள் சமையலறையில் நிற்கிறேன்.

சமையலறைக்கும் மேஜைகளுக்கும் நடுவில் தட்டுகளைத் தள்ளுகிற சின்ன ஜன்னல் இருக்கிறது. அதில் உன் தொப்பி தெரிந்தது. நான் உனக்கு வாங்கிக் கொடுத்த தொப்பி. அதைப் போட்டுக்கொண்டால் உன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்திருக்கிறாய்.

பரிமாறுகிற பெண் உன்னிடம் வந்து, "சார், இதை எப்படின்னா..." என்று ஆரம்பித்தாள். நீ முகத்தைக்கூடத் தூக்காமல் கையைத் தூக்கி, "தெரியும்மா, நான் பாக்காத கடையா?" என்றாய். ஞாபகமில்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது. அவள் உள்ளே ஓடிவந்து, "அக்கா, அந்தத் தாத்தா எடுத்துக் குடிக்கிறாரு. என்ன பண்றது?" என்றாள். தாத்தா என்றுதான் சொன்னாள்.

நாலு எட்டு எடுத்து வைத்து வெளியே வந்து, "டேய், அது தொட்டுக்கிறது" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையில் வலை மாட்டியிருந்தேன். இடுப்பில் ஈரத்துணி. என்னைப் பார்த்திருந்தால் உனக்கு முதலில் வருத்தமாக இருந்திருக்கும், அது எனக்குத் தெரியும். அதற்கடுத்த வாரம் அதை எழுதியிருப்பாய், அதுவும் தெரியும். உன் பல் டாக்டரை எழுதினாய். மாடிவீட்டுக்காரரை எழுதினாய். உன் மாமனார் மாத்திரை விழுங்குவதை எழுதினாய், அந்த மனிதர் இன்றைக்கும் ஆள் முன்னால் மாத்திரை போட வெட்கப்படுகிறார். அந்த வரிசையில் நானும் வந்துவிடக் கூடாது என்று சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். அப்படி நின்றும் வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். நீ கை கழுவினாயே, அது கை கழுவும் நீர் இல்லை. எலும்பும் வெங்காயமும் போட்டு விடிந்ததிலிருந்து நான் காய்ச்சி வடிகட்டிய சாறு. நூடுல்ஸ் முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சியதோடு அதைக் கலந்துதான் குடிக்க வேண்டும். நீ தட்டின் மேல் கையை நீட்டி விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாய். பிறகு அதை மட்டும் பாராட்டி எழுதினாய். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

முதலாளியம்மாவுக்கு நம் எழுத்து படிக்க வராது. பரிமாறுகிற பெண்தான் படித்துச் சொன்னாள், பாதியில் நிறுத்திவிட்டாள். மத்தியானத்தில் பாலத்தூண் வரை நிற்கிற கூட்டம் இப்போது இல்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் உட்காருவதற்கு முன்னால், "ரொம்ப உப்பா இருக்குமாமே?" என்கிறார்கள். மாதக் கடைசியில் மூடிவிடலாமா என்று முதலாளியம்மா கேட்கிறாள். யாரிடம் தெரியுமா? என்னிடம். நான் என்ன பதில் சொல்வேன்? எழுதினவன் என் கூடப் பிறந்தவன் என்றா?

உன் பிழைப்புப் போய்விடும் என்று பயப்படுகிறாய். சரி. என்னுடையதைப் பற்றியும் கொஞ்சம் பயப்படு.

அக்கா


மார்ச் 25

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை. உன் தம்பி பெண்டாட்டி பார்த்துவிட்டு, "என்னங்க, மூஞ்சியில ஈயாடல?" என்றாள். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு என் தொப்பியை எடுத்துப் பழைய துணிமூட்டையில் போட்டாள்.

அந்தப் பெண்ணிடம் நான் கையைத் தூக்கியது ஞாபகமிருக்கிறது. முதல் கடிதம் எழுதும்போதே இருந்தது. அசடு வழிய எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறவன் மாதிரி எழுதிவிட்டு, அசிங்கமான அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். எதிர்ப்பக்கம் குடை ரிப்பேர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். குடைக்காரர், "குடை எங்க சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதை ரிப்பேர் பண்ண வந்தீங்க?" என்றார். உள்ளே போய்விட்டேன்.

தொப்பி இல்லாமலே அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரிந்தது. இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு, "எப்படிச் சாப்பிடணும்மா?" என்றேன். சொல்லிக் கொடுத்தாள். நூடுல்ஸை எடுத்து, பாதி முக்கி, சத்தமாக உறிஞ்ச வேண்டும். அக்கா, உப்பு அளவென்றால் அப்படி ஓர் அளவு. தொட்டுச் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் இவ்வளவு வித்தியாசமா என்று பிரமித்துப்போனேன். என் நாக்கை வெட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம் என்றிருந்தது.

முதலாளியம்மாவிடம் சொன்னேன். "நான்தாங்க அதை எழுதினேன். குடிச்சுட்டேங்க. தப்பு என்னோடது." அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு உள்ளே போய்க் கெண்டியைக் கொண்டுவந்தாள். என் கையைத் தொட்டு, "இது இல்ல" என்றாள். என் வாயைக் காட்டி, "இது" என்றாள். கிண்ணத்தில் ஊற்றினாள். குடித்தேன். நீ விடிந்ததிலிருந்து காய்ச்சியது. கடைசிச் சொட்டு வரை விடவில்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு கரண்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நீ பின்கதவு வழியாகப் போய்விட்டாய் என்று புரிந்தது. உன்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வரவில்லை. வந்திருந்தால் நீ எங்கே போயிருப்பாய்?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதினேன். கிண்ணம், கை தூக்கியது, கை கழுவியது, தாத்தா என்றது உட்பட. நீ அதில் இல்லை. இனி எதிலும் இருக்க மாட்டாய். ஆசிரியர் மேஜையில் வைத்து, "இதைப் போடுங்க சார். போடலேன்னா ஏப்பக்காரன் இனிமே இல்ல" என்றேன். "போட்டாலும் இருக்க மாட்டான்யா" என்றார். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார்.

மாமனாரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "எந்த மாத்திரை?" என்றார். தெரியாத மாதிரி நடிக்கிறார். என்னை விட நன்றாக நடிக்கிறார்.

தம்பி


ஏப்ரல் 6

அக்கா,

வந்துவிட்டது. பார்த்திருப்பாய்.

வங்கியில் பாஸ்புத்தகத்தை நீட்டினால், மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "சார், இதுல மை தொட்டுக்கணும், குடிச்சிடாதீங்க" என்கிறார்கள். பல் டாக்டர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இது கை கழுவ இல்ல" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஆசிரியர் என்னைக் குறுக்கெழுத்துப் புதிர் போடும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார். அங்கே யாரும் எதையும் சாப்பிடுவதில்லை.

இதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். மாதக் கடைசி போய்விட்டதே, கடை திறந்திருக்கிறதா? அதை மட்டும் ஒரு வரி எழுது. நானே வந்து பார்க்கலாம்தான், ஆனால் பாலத்துக்குப் பக்கத்தில் வந்தாலே அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

கடை திறந்திருக்கிறது. உட்கார இடமில்லை. நீ குடித்த மேஜை எது என்று கேட்டு அதிலேயே உட்கார வேண்டும் என்கிறார்கள். பரிமாறுகிற பெண் சுவரில் ஒரு படம் வரைந்து ஒட்டியிருக்கிறாள். தொப்பி போட்ட ஒருத்தர் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறார், குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் இன்னொரு படம், அதே ஆள் கை கழுவுகிறார், அதற்கும் கோடு. மூக்கு அப்படியே வந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

மூடுவதைப் பற்றி முதலாளியம்மா இப்போது பேசுவதில்லை. போன வாரம் அவளிடம் சொல்லிவிட்டேன், அந்த ஆள் என் தம்பி என்று. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி என் மூக்கைத் தொட்டு, "தெரியும்" என்றாள். நீ திங்கட்கிழமை வந்து போனதிலிருந்தே தெரியுமாம்.

அத்தானிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கே வேலை என்று அவருக்கும் சொல்லாமல்தான் இருந்தேன். "அதான் உன் புடவையெல்லாம் இவ்வளவு நாளா நல்ல வாசனையா இருந்துச்சா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நீ பட்ட அவமானம் போதும். வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு வா. உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. பின்கதவு வழியாகப் போக மாட்டேன், வெளியே வந்து நானே பரிமாறுகிறேன். தலையில் வலை இருக்கும். எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்.

அக்கா

பி.கு. இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ திருத்தம் எழுதியிருக்க மாட்டாய், அதனால் சொல்லவில்லை. கிண்ணத்துக்கு ஒரு கரண்டிதான் உப்புச்சாறு ஊற்ற வேண்டும். அன்றைக்கு ஜன்னலில் உன் தொப்பியைப் பார்த்ததும் கை பதறிவிட்டது. ஊற்றினேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் ஊற்றினேன். நீ போன பிறகு, புதிதாகக் கொஞ்சம் நூடுல்ஸை எடுத்து, நீ கிண்ணத்தில் மிச்சம் வைத்ததில் முறைப்படி தொட்டு வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன்.